நாதாங்கி இல்லாத கதவு

சரக்… சரக்… சரக்…

கேட்டதா? ஈரச் சாக்கை யாரோ தெருவோடு இழுத்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம். விளக்கு வைத்து, சோறு உண்டு, தெருநாய்கள்கூடச் சுருண்டு படுத்த பிறகு கேட்கிற சத்தம்.

பயப்பட வேண்டாம். இது இன்றைக்குக் கேட்கும் சத்தமில்லை. வெகு வெகு காலத்துக்கு முன்னே, கடலில் இன்னும் உப்புச் சேராத காலத்திலே, பவழத்துறை என்ற ஊரில் கேட்ட சத்தம். மடியில் பிள்ளை வைத்திருப்பவர்கள் பிள்ளையை இன்னும் கொஞ்சம் கிட்ட அணைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள் போவோம்.

பவழத்துறையின் கடைசித் தெருவில், கடைசி வீட்டில், செவ்வந்தி என்றொரு பெண் இருந்தாள். வயது இருபது. அவள் புருஷன் மாசிலன் ராஜாவின் கப்பலில் பாய் கட்டுகிறவன். மூன்று கடல் தாண்டிப் போயிருந்தான். வீட்டில் அவளும், தேனு என்ற எட்டு மாதக் கைக்குழந்தையும்தான். பகலெல்லாம் செவ்வந்தி கிழிந்த மீன்வலைகளைப் பின்னிக் கொடுப்பாள். இரவில் குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வரும். படுத்துக்கொள்வாள். மறுபடி எழுந்து விரலை வைப்பாள். வரும். அவ்வளவு ஆசை, அவ்வளவு பயம்.

அந்த ஆடி மாதம் தேனுவுக்குப் பல் முளைத்தது. பல் முளைக்கும் பிள்ளையை உங்களுக்குத் தெரியாதா? தோளில் போட்டால் அழுகை. தொட்டிலில் போட்டால் அழுகை. மார்பில் அணைத்தால் கடி.

முதல் நாள் செவ்வந்தி விளையாட்டாகச் சொன்னாள்: "அழுதேன்னா பூச்சாண்டிகிட்டே பிடிச்சுக் குடுத்துடுவேன், ஆமா!"

இரண்டாம் நாள் அலுப்பாகச் சொன்னாள்: "அழு, அழு. பூச்சாண்டிகிட்டே பிடிச்சுக் குடுத்துடுறேன்."

மூன்றாம் நாள் அந்தி. அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகியது. வலைக்கயிறு அறுத்து விரலெல்லாம் வெடிப்பு. மூன்று நாளாகக் கண்ணோடு கண் மூடவில்லை. குழந்தை வீரிட்டது. செவ்வந்தி தொட்டில் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துச் சொன்னாள்:

"பூச்சாண்டி! இருக்கியாடா? வந்து இதைத் தூக்கிட்டுப் போ!"

'ணங்' என்று ஒரு சத்தம்.

வாசற்கதவைத் தாழிட்டால், தாழ்ப்பாளின் நாக்கு போய் மாட்டிக்கொள்ள நிலையில் ஓர் இரும்பு வளையம் இருக்குமே, அதற்கு நாதாங்கி என்று பேர். நாக்கைத் தாங்குவதால் நாதாங்கி. அது தானாகக் கழன்று கீழே விழுந்தது. செவ்வந்தி விளக்கை எடுத்துக்கொண்டு வந்து தேடினாள். வாசலில் இல்லை. படியில் இல்லை. எங்கேயும் இல்லை.

அன்று இரவுதான் முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது. சரக்… சரக்… சரக்… தெருமுனையில்.

காலையில் கொல்லன் வந்து புது நாதாங்கி அடித்துவிட்டுப் போனான். அந்திக்குள் அது கழன்றது. அடுத்த வீட்டுப் பாக்கியக்காவிடம் போய் செவ்வந்தி அழுதாள். பாக்கியக்கா சிரித்தாள்.

"அடிப் பைத்தியமே, எல்லாத் தாயும் சொல்றதுதான்டி அது. என் மூத்தவனை நான் பூச்சாண்டிக்கு நூறு தடவை குடுத்திருக்கேன். ஒரு தடவையும் வந்து வாங்கிக்கல. வாங்கியிருந்தா மறுநாளே திருப்பிக் கொண்டாந்து விட்டிருப்பான், அந்தப் பய திங்கிற சோத்துக்கு!"

செவ்வந்தியும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

இரண்டாம் இரவு, சரக்… சரக்… சரக்… நடுத்தெருவில்.

மூன்றாம் இரவு, சரக்… சரக்… வாசற்படியில். மூன்றாவது சரக் கேட்கவில்லை. கதவு திறந்தது. நாதாங்கி இல்லாத கதவு வேறென்ன செய்யும்?

உள்ளே வந்தவனுக்குப் பனைமர உயரமில்லை. கோரைப் பல்லுமில்லை. சாம்பல் நிறத்தில், நரைத்த மீசையோடு, களைத்துப்போன ஒரு கிழவன். தலைமுடியிலிருந்தும் மீசையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியிலே மழையே இல்லை. தோளில் ஒரு கனத்த ஈரச் சாக்கு, பாதி தரையில் புரண்டது.

"நீதானே கூப்பிட்டே?" என்றான் பூச்சாண்டி.

"நான்… நான் விளையாட்டுக்கு…"

"விளையாட்டுக்குக் கூப்பிடறவங்களை எனக்குத் தெரியாதா, தாயி? ஊர்ல பாதிப் பேர் கூப்பிடறாங்க. அதுக்கெல்லாம் எழுந்து வந்தா என் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? உன் வீட்டு நாதாங்கி என் சாக்குல வந்து விழுந்துச்சு. விழுந்தா வரணும். அதான் என் விதி. குழந்தையைக் குடு."

செவ்வந்தி பயந்துதான் போனாள். ஆனால் பயந்த தாய்க்கும் மூளை வேலை செய்யும், தெரியுமா? அவள் குழந்தையை இடுப்போடு சேர்த்துக்கொண்டு கேட்டாள்:

"எங்கே கொண்டுபோவே?"

"மறுகரைக்கு. செத்தவங்க எல்லாரும் போய் நிக்கிற இடத்துக்கு. அங்கே நிறைகோல் அம்மா உக்காந்திருப்பா. அவதான் தீர்ப்புச் சொல்லுவா."

"தீர்ப்பு யாருக்கு? சொன்ன வாய்க்கா, அழுத பிள்ளைக்கா?"

பூச்சாண்டி தலையைச் சொறிந்தான். தண்ணீர் தெறித்தது. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"சொன்னவ நான். நானே வர்றேன். பிள்ளை என் இடுப்புலேயே வரட்டும். சாக்குலதான் போடணும்னு சட்டம் இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்ல," என்றான் பூச்சாண்டி. பிறகு தாழ்ந்த குரலில், "சொல்லப்போனா இதுல இடமும் இல்ல."

செவ்வந்தி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். வாசலைத் தாண்டும்போது திரும்பி, காலியான வீட்டைப் பார்த்து, "போயிட்டு வர்றேன்" என்றாள்.

"அந்தப் பக்கம் போறவங்க அப்படிச் சொல்றதில்ல, தாயி."

"நான் சொல்வேன்," என்றாள் செவ்வந்தி.

முதல் அடியில் தெரு முடிந்தது. இரண்டாம் அடியில் கடல் முடிந்தது. மூன்றாம் அடியில் மறுகரை வந்துவிட்டது.

மறுகரையில் பகலுமில்லை, இரவுமில்லை. இளநீர் நிறத்தில் ஒரு வெளிச்சம். மணல் மேல் எத்தனையோ பேர் வரிசை வரிசையாக நின்றார்கள். செவ்வந்தி கண்ணை ஓட்டினாள்.

"எண்ணெய்க் கொப்பரை எங்கே?"

"இங்கே இல்ல."

"நெருப்பு ஆறு? முள் மரம்?"

"அதெல்லாம் அவங்கவங்களே தூக்கிட்டு வந்தாத்தான் உண்டு. அதோ பார்."

ஒருவன் பட்டு வேட்டி கட்டியிருந்தான். "நான் ஒண்ணும் பண்ணல, பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே நின்றான். சொல்லச் சொல்ல அவன் கால் மணலுக்குள் புதைந்தது. ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு, "பாவிகள்லேயே பெரும் பாவி நான்தான்!" என்று ஓலமிட்டாள். அவள் தலைக்கு மேலே சுமை ஏறிக்கொண்டே போனது.

"அதுலேயும் அவளுக்கு முதல் இடம் வேணுமாம்," என்றான் பூச்சாண்டி.

வரிசையின் முன்னால், சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அம்மாளைப் போல, சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள் நிறைகோல் அம்மா. கையில் ஒரு தராசு; நிறைகோல் என்றாலும் அதுதான். தராசின் நடுவில் ஒரு முள் நிற்குமே, அதையும் நாக்கு என்றுதான் சொல்வார்கள். அந்த நாக்கு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"யாருடா சடையா இது, உயிரோட ஒருத்தியைக் கூட்டிட்டு வந்திருக்கே?" என்றாள் நிறைகோல் அம்மா. சடையன் என்பது பூச்சாண்டியின் பேர்.

"தானே வந்தா, அம்மா. சட்டம் கேட்டா."

நிறைகோல் அம்மா சாக்குக்குள் கையை விட்டு அந்த நாதாங்கியை எடுத்து ஒரு தட்டில் போட்டாள். தட்டு தாழ்ந்தது.

"மகளே, இது நடந்தது. மறு தட்டுல நீ சொல்லு. என்ன நடந்ததோ அதைச் சொல்லு. நாக்கு நேரா நின்னா, சொன்ன சொல் திரும்ப உன்கிட்டே வந்துடும். மூணு தடவை. மூணாவது தடவையும் நிக்கலேன்னா பிள்ளை இந்தக் கரைக்கு."

செவ்வந்திக்குப் பாக்கியக்கா சொன்னது நினைவுக்கு வந்தது.

"அம்மா, அது வாய் தவறி வந்த சொல். எல்லாத் தாயும் சொல்றதுதான். பிள்ளை மூணு நாளா அழுதா. புருஷன் ஊர்ல இல்ல. ஒத்தாசைக்கு ஆள் இல்ல. நான் என்ன செய்வேன்?"

அவள் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு சொல்லும் உமியாக விழுந்தது. தட்டு நிறைய உமி. நாதாங்கித் தட்டு அசையவே இல்லை.

"பிள்ளை அழுதது நிஜம்," என்றாள் நிறைகோல் அம்மா, உமியை ஊதியபடி. "ஆள் இல்லேங்கறதும் நிஜம். ஆனா நான் உன் கஷ்டத்தைக் கேக்கல. அதை உன் வீட்டுச் சுவரே எனக்குச் சொல்லும். உன் சொல்லைக் கேட்டேன்."

குறைத்துச் சொன்னால் தப்பு என்று செவ்வந்திக்குப் புரிந்தது. அப்படியானால் கூட்டிச் சொல்ல வேண்டும். அவள் மணலில் முழந்தாளிட்டாள்.

"அம்மா, நான் பாவி! நான் தாயே இல்ல, பேய்! பெத்த நாள்லேர்ந்தே எனக்கு நல்ல மனசு கிடையாது. என்னை எண்ணெய்க் கொப்பரையில போடுங்க. ஏழு சென்மத்துக்கும் போடுங்க!"

சொல் ஒவ்வொன்றும் பாறாங்கல்லாக விழுந்தது. தொம். தொம். தொம். தட்டு மணலில் போய் இடித்தது. நாதாங்கி துள்ளி மேலே போனது. நாக்கு மறுபக்கம் சாய்ந்தது.

"பெத்த நாள்லேர்ந்தா?" என்றாள் நிறைகோல் அம்மா. "அப்போ ராத்திரி ராத்திரி எழுந்து மூக்குக்குக் கீழே விரல் வெச்சது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?"

செவ்வந்தி இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"பொய்ச் சாட்சி, உன் மேலேயே சொன்னாலும் பொய்ச் சாட்சிதான் மகளே. பயந்தவங்க தண்டனையைப் பெரிசாக் கேப்பாங்க. எதுக்குத் தெரியுமா? கொப்பரையில குதிச்சுட்டா அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டாம் பாரு. இன்னும் ஒரு தடவை இருக்கு. நிதானமா சொல்லு."

நிதானமா! இடுப்பிலே பிள்ளை. ஒரே ஒரு தடவை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

செவ்வந்தி எழுந்து நின்றாள். தேனு அவள் தலைமுடியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். செவ்வந்தி பழக்கதோஷத்தில் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். மூச்சு வந்தது. சூடாக, சின்னதாக. அந்த மூச்சு விரலில் பட்டதும், இதுவரை அவள் தானே பார்க்காமல் மூடி வைத்திருந்த இடம் திறந்தது.

"மூணு தடவை சொன்னேன், அம்மா," என்றாள். "முதல் தடவை விளையாட்டு. ரெண்டாவது தடவை அலுப்பு. மூணாவது தடவை…"

நிறுத்தினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மூணாவது தடவை மனசாரச் சொன்னேன். ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சு நேரம் இவ இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சேன். சத்தம் இல்லாம இருக்கும், தூங்கலாம்னு நெனச்சேன். அடுத்த மூச்சுல பயந்தேன். தூக்கிப் பால் குடுத்தேன். ரெண்டும் நான்தான்."

தட்டில் ஒரு சின்ன இரும்புத் துண்டு விழுந்தது. நாதாங்கி அளவுதான். ஒரு குன்றிமணி கூடுதல் இல்லை, குறைவு இல்லை. தராசின் நாக்கு ஆடியது, ஆடியது, நேராக நின்றது.

நிறைகோல் அம்மா தராசைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"தண்டனை?" என்றாள் செவ்வந்தி மெதுவாக.

"உண்டு. ஒரு மூச்சுக் குற்றத்துக்கு ஒரு மூச்சுத் தண்டனை. கண்ணை மூடு."

செவ்வந்தி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

அவள் வீடு தெரிந்தது. சோறு கருகவில்லை, பதமாக வெந்திருந்தது. வலை முழுக்கப் பின்னி முடித்து, மடித்து வைத்திருந்தது. பாய் விரித்திருந்தது; எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கலாம். அவள் கேட்ட அமைதி வீடு நிறைய இருந்தது. நடுவில் தொட்டில் தொங்கியது. காற்றில்கூட ஆடவில்லை. அவள் விரலை நீட்டினாள். விரலில் எதுவும் படவில்லை.

மூச்சை விட்டாள். கண்ணைத் திறந்தாள். இடுப்பில் தேனு கனத்தாள். செவ்வந்தியின் முகமெல்லாம் கண்ணீர். பிள்ளையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பூச்சாண்டி சடையன் பேசினான். தராசைப் பார்க்காமல், மணலைப் பார்த்துப் பேசினான்.

"கேட்டுச்சு, அம்மா."

"என்ன கேட்டுச்சு, சடையா?"

"நான் உயிரோட இருந்தப்ப பவழத்துறைக் கோட்டைவாசல் காவல்காரன். ஒரு மழைநாள் ஒருத்தி கைக்குழந்தையோட வந்து வெளியே நின்னு கதவைத் தட்டினா. காலையில பார்த்தா ரெண்டு பேரும் விறைச்சுக் கிடந்தாங்க. நூறு வருஷத்துல உங்ககிட்டே ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். ஒரு நாள், 'இடிச் சத்தத்துல காதுல விழலே'ன்னு சொன்னேன். ஒரு நாள், 'நான் கொலைகாரன், அவங்களைக் கொல்லத்தான் நெனச்சேன்'னு சொன்னேன். ரெண்டும் பொய். கேட்டுச்சு. மூணு தட்டும் கேட்டுச்சு. குளிரா இருந்துச்சு. வேற யாராச்சும் எழுந்து திறப்பாங்கன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன்."

தராசின் நாக்கு நேராக நின்றது.

சடையனின் மீசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. தோளிலிருந்து சாக்கு நழுவி மணலில் விரிந்தது. அது சாக்கே இல்லை. நூறு வருஷமாகக் காயாத ஒரு போர்வை. இப்போது காய்ந்திருந்தது. பிள்ளைகள் யாரும் அதில் இருந்ததே இல்லை.

நிறைகோல் அம்மாவுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். சடையனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பவாவது எழுந்து வந்தியே, அண்ணே," என்றாள்.

சடையன் போர்வையை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, அவளிடம் போனான். குழந்தைக்குப் போர்த்திவிட்டான். கதவு மூடிக்கொண்டது. அதற்கப்புறம் பவழத்துறையில் பூச்சாண்டி வந்ததாக யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் தாய்மார்கள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை, அது வேறு விஷயம்.

நிறைகோல் அம்மா நாதாங்கியை எடுத்து, முந்தானையில் துடைத்து, செவ்வந்தியின் கையில் வைத்தாள்.

"வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்லிட்டுக் கிளம்பினே?"

"போயிட்டு வர்றேன்னு சொன்னேன், அம்மா."

"அப்போ போ. சொன்ன சொல்லைக் காப்பாத்து."

"அம்மா… நாளைக்கும் அவ அழுவா. எனக்கு மறுபடி கோவம் வரும்."

"வரும். வந்தா, 'கோவம் வருது'ன்னு சொல்லு. பாக்கியத்தைக் கூப்பிட்டு, 'அரை நாழிகை பிள்ளையை வெச்சுக்கோ'ன்னு சொல்லு. அந்தச் சொல்லுக்கெல்லாம் இங்கே தராசு இல்ல."

மூன்றாம் அடியில் மறுகரை முடிந்தது. இரண்டாம் அடியில் கடல் முடிந்தது. முதல் அடியில் கடைசித் தெருவும் கடைசி வீடும் வந்துவிட்டன. உள்ளே விளக்கு அவள் தூண்டிவிட்ட அளவிலேயே எரிந்துகொண்டிருந்தது.

மாசிலன் ஒரு சங்கும் இரண்டு முத்தும் கொண்டு ஊர் திரும்பினான். அது மூன்று மாதம் கழித்து. தேனு வளர்ந்து, யார் வந்து தட்டினாலும் முதல் தட்டிலேயே எழுந்து திறக்கிற பெண்ணானாள்; அது பல வருஷம் கழித்து. நம் கதை அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் தேனு விழித்துக்கொண்டு வீரிட்டாள். பால் கொடுக்கப் போனால் கடித்தாள். செவ்வந்திக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "கோவம் வருதுடி எனக்கு," என்றாள் உரக்க. "வலிக்குதுடி. உனக்கும் வலிக்குது, எனக்கும் வலிக்குது." பிள்ளையின் ஈறில் விரலை வைத்துத் தடவினாள். அரிசி முனை போல ஒரு பல் வெளியே வந்திருந்தது. அழுகை விம்மலாகி, விம்மல் மூச்சாகி, தேனு தூங்கினாள்.

செவ்வந்தி அவளை ஒரு தோளில் சாய்த்தபடியே அம்மிக்குழவியை எடுத்தாள். நாதாங்கியைக் கதவு நிலையில் அதன் பழைய இடத்தில் வைத்து மூன்று தட்டுத் தட்டினாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

பிறகு உள்ளேயிருந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். நாக்கு நாதாங்கிக்குள் போய் உட்கார்ந்தது.